ரொட்டி அஞ்சலின் ஒன்பது ஓட்டைகள்

1

இந்தக் கதை எனக்கு வாயில் கிடைத்தது.

மேல்வரிசையில் மிச்சமிருந்த பற்களும் ஒன்றன்பின் ஒன்றாக என்னைக் கைவிட்டபிறகு, பல் செட் கட்டிக்கொள்ளப் போயிருந்தேன். பல்செட்காரர் ஒரு தட்டு நிறைய ரோஜா நிறப் பசையை என் வாய்க்குள் திணித்து, "அசையாதீங்க சார், கெட்டியாகட்டும்" என்று சொல்லிவிட்டுக் கதை சொல்ல ஆரம்பித்தார். வாரப் பத்திரிகையில் தொடர்கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. எதிரே ஒருவர் நல்ல கதை சொல்கிறார். குறுக்கே ஒரு கேள்வி கேட்க வழியில்லை. "ம்ம்" என்று மட்டும் சொல்லலாம். அதுவும் மூக்கால்.

பல் செட் கட்ட நான்கு தடவை வரச் சொல்வார்கள். ஒருநாள் அளவு, ஒருநாள் கடி, ஒருநாள் மெழுகில் ஒத்திகை, கடைசியாகப் பொருத்துவது. ஆகவே கதையும் நான்கு பகுதிகளாக வந்தது. ஒவ்வொரு தடவையும் சரியான இடத்தில் நிறுத்தி, "கொப்பளிங்க" என்றார். இந்த வித்தையை நான் எத்தனையோ வாரங்கள் வாசகர்களிடம் காட்டியிருக்கிறேன். திருப்பிக் கிடைத்தபோதுதான் அதன் வலி தெரிந்தது.

இந்தக் கதையில் அங்கங்கே ஓட்டை இருந்தால் காரணம் இதுதான். கேட்க வேண்டிய நேரத்தில் என் வாய் அடைபட்டிருந்தது.

2

தொடக்கம், முதல் முயற்சி:

விடிந்தும் விடியாத நேரம். தெருக்கோடியில் ரொட்டி வண்டியின் மணிச்சத்தம். வீட்டுக்கு வீடு, சூடான ரொட்டியோடு ஒரு கடிதத்தையும்—

நிறுத்திவிட்டேன். நூறு வருஷத்துக்கு முந்தைய ரொட்டியின் சூடு எனக்கு எப்படித் தெரியும்?

இரண்டாவது முயற்சி:

அரசாங்க அஞ்சல் ஊர்விட்டு ஊருக்கு மட்டும் கடிதம் கொண்டுபோன காலத்தில், ஊருக்குள் கடிதம் கொண்டுபோகும் வேலையைத் தனியார் பலரும்—

என் மனைவி தோளுக்குப் பின்னாலிருந்து படித்துவிட்டு, "பாடப்புத்தகமா?" என்று கேட்டாள். அடித்துவிட்டேன். ஆனாலும் கொஞ்சம் பாடம் இல்லாமல் இந்தக் கதை நகராது. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காலத்தில் வெளியூர்க் கடிதம் வந்தால் அஞ்சலகத்துக்கு நாமே போய் வாங்கிக்கொள்ள வேண்டும். அடுத்த தெருவுக்கு ஒரு கடிதம் அனுப்ப வேண்டுமானால் நாமே நடக்க வேண்டும். நடக்கச் சோம்பல்பட்டவர்களை நம்பித்தான் தனியார் உள்ளூர் அஞ்சல்கள் முளைத்தன. வண்டி வைத்திருந்தவர், சுறுசுறுப்பான கால் வைத்திருந்தவர், எப்படியும் வீடு வீடாகப் போகிறவர் என்று ஆளாளுக்குத் தொடங்கினார்கள். தங்களுக்கென்று தபால்தலையும் அச்சடித்துக்கொண்டார்கள். ஒரு ரொட்டிக்கடைக்காரரும் தொடங்கினார். மருந்துப் புட்டிக்கு லேபிள் அடிக்கிற அச்சகத்தில், வழவழப்பான ரோஜா நிறக் காகிதத்தில் சேவல் படம் போட்டுத் தலை அடித்தார். கொஞ்ச நாள் ஓடியது. பிறகு அரசாங்கம், 'கடிதம் எங்கள் வேலை, நீ ரொட்டியைப் பார்' என்று சொல்லி மூடிவிட்டது. மிச்சம் கிடந்த தலைகள் குழந்தைகள் கைக்கும் சேகரிப்பாளர்கள் கைக்கும் போயின.*

(* அது சேவல் என்று எல்லோரும் சொல்கிறார்கள். பல்செட்காரர் தன் ஆல்பத்தில் காட்டினார். எனக்குப் புறாவாகத் தெரிந்தது. வாயில் மெழுகு இருந்ததால் சொல்லவில்லை.)

இப்போது ஒன்றைக் கவனியுங்கள். மிச்சம் கிடந்த புதுத் தலைகள் பலரிடம் இருக்கின்றன. ஆனால் உறையில் ஒட்டி, உண்மையாகவே ரொட்டி வண்டியில் போய்ச் சேர்ந்த ஒன்றைக்கூட யாரும் பார்த்ததில்லை. ஒரு புதுத் தலையைப் பழைய உறையில் ஒட்டி ஏமாற்ற எந்த ஊரிலும் ஆள் உண்டு.

பாடம் முடிந்தது. மூன்றாவது முயற்சியை மைத்துனரிடமிருந்து தொடங்குகிறேன்.

3

பல்செட்காரரின் மைத்துனருக்கு, அதாவது அவர் மனைவியின் தம்பிக்கு, குடும்பத்தில் வழங்கும் பெயர் ரீல். லிஃப்ட் மெக்கானிக். கைவேலையில் குறை சொல்ல முடியாது. அவர் தொட்ட லிஃப்ட் நின்றதில்லை. வாயைத் திறந்தால் அதுவும் நிற்காது. ஒரு பழைய கட்டிடத்தில் பாம்பு ஒன்று லிஃப்டுக்குள் ஏறி வாலால் பட்டனை அழுத்தி மூன்றாவது மாடிக்குப் போனதாக அவர் சொன்னது குடும்ப வரலாற்றில் இடம்பெற்றுவிட்டது. அதற்குப் பிறகு வீட்டுக் குழந்தைகள்கூட அவர் சொல்வதைக் கேட்டுவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்த்துத்தான் நம்புவதா வேண்டாமா என்று முடிவு செய்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் அக்கா வீட்டுக்கு வந்தார். கருவிப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"மாமா, கண்ணை மூடுங்க."

"எதுக்குடா?"

"மூடுங்கன்னா மூடுங்க. அக்கா, நீயும்."

"நான் அடுப்பைப் பாக்கணும். காட்டறதைக் காட்டு" என்றாள் அக்கா.

பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறை வந்தது. அதற்குள்ளிருந்து ஒரு பழைய கடித உறை. தடித்த காகிதம், ஓரம் பழுப்பேறியிருந்தது. வலது மேல் மூலையில் ரோஜா நிறத்தில் ஒரு சேவல்.

பல்செட்காரர் எழுந்து போய்க் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தார். அவர் ஆல்பத்தில் இதே சேவல் நான்கு உண்டு. எல்லாம் புதுத் தலைகள். உறையில் ஒட்டிய சேவல் கனவில்கூட வந்ததில்லை.

"எங்கடா கிடைச்சுது?"

"பழைய லிஃப்ட் ஒண்ணைக் கழட்டினோம் மாமா. அதைச் சுத்தி மரப்பலகை அடிச்சிருந்தாங்க. பலகையைப் பேத்தா, பின்னால சந்துல இது விழுந்து கிடக்கு. யாரோ கை தவறிப் போட்டிருக்காங்க, பாவம்."

"எந்த மாடி?" என்று கேட்டாள் அக்கா, அடுப்படியிலிருந்தே.

"மூணு."

"பாம்பு இறங்கின மாடியா?"

"அக்கா! சத்தியமா!"

"உண்மையைச் சொல்லுடா" என்றார் பல்செட்காரர்.

"நான் சொல்றது எல்லாமே உண்மைதான் மாமா." ரீல் கொஞ்சம் நிறுத்தினார். "இந்தத் தடவை."

உள்ளே கடிதமும் இருந்தது. ரீலே பிரித்துப் படித்துக் காட்டினார். ஒரு பெண்மணி, இரண்டு தெரு தள்ளியிருந்த தையற்காரருக்கு எழுதியது. 'ஐயா, தாங்கள் தைத்த கோட்டின் இடது கை வலது கையைவிட நீளமாக இருக்கிறது. என் கணவரின் கைகளை அளந்து பார்த்தேன். அவை சமமாகவே உள்ளன. கோட்டை எப்போது கொண்டுவரட்டும்? கணவரையும் கூட்டிவர வேண்டுமா?' அவ்வளவுதான் மொத்தக் கடிதமும். அக்காவும் தையற்காரி. இதைக் கேட்டதும் அடுப்பை விட்டுவிட்டு வந்து தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்தபிறகு, "இது நீயா எழுதினது இல்லையே?" என்று கேட்டாள்.

சேகரிப்பாளர் சங்கத்தின் கண்காட்சி நெருங்கிக்கொண்டிருந்தது. உறையை அங்கே வைப்பதென்று முடிவாயிற்று. கடிதத்தை மட்டும் ரீல் தரவில்லை. "இது எங்கிட்டயே இருக்கட்டும் மாமா. கூட வேலை செய்யறவங்களுக்குப் படிச்சுக் காட்டணும்." வாசல்வரை போனவர் திரும்பி வந்தார்.

"பக்கத்துல சீட்டு வைப்பாங்கல்ல, யாருதுன்னு? அதுல என் பேரு வருமா?"

"வரும்டா."

"பேருக்குக் கீழ, நிஜம்னு போடுவாங்களா?"

4

[பத்திரிகை ஆசிரியர் ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறார்: 'இந்த ரீல் பாத்திரம் நம்பும்படி இல்லை. பொய் சொல்கிறவனுக்கு உண்மையான பொருள் கிடைக்குமா?']

எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. ஒரு வரைவில் ரீலையே போலி செய்கிறவராக ஆக்கினேன். மாமாவின் ஆல்பத்திலிருந்து ஒரு சேவலைத் திருடி, பழைய உறையில் ஒட்டி, மாமாவிடமே கொண்டுவந்து—

அது நடக்காது. கையில் சிராய்ப்புக்குப் பிளாஸ்திரி போட்டாலே கோணலாக ஒட்டிக்கொள்கிற மனிதர் அவர் என்று பல்செட்காரர் சொன்னார். லிஃப்டின் ஒயர்களைக் கண்ணை மூடிக்கொண்டு பிரிக்கிற விரலுக்குப் பசை மட்டும் படியாதாம். வரைவைக் கிழித்துவிட்டேன்.

போகட்டும், ஒன்று சொல்கிறேன். பொய் சொல்கிறவர்களுக்கும் உண்மையில் ஏதாவது நடந்துகொண்டுதான் இருக்கிறது. நம்புவதற்குத்தான் ஆளிருப்பதில்லை. என் தொழிலுக்கும் இது கொஞ்சம் பொருந்தும் என்பதால் இதோடு விடுகிறேன்.

5

இனி வருவதை எழுத எனக்கு மனமில்லை. ஏனென்றால் பல்செட்காரரை எனக்குப் பிடித்துப்போய்விட்டது.

ரீல் கொண்டுவந்த தபால்தலையில் ஓட்டைகள் இருந்தன. ஊசி முனை அளவுக்குச் சின்னச் சின்ன ஓட்டைகள். சுற்றி எட்டு, நடுவில் ஒன்று. தலையையும் உறையையும் துளைத்துக்கொண்டு மறுபக்கம் வந்திருந்தன. அந்தக் காலத்துக் குமாஸ்தாக்கள் காகிதங்களைக் குண்டூசியால் குத்திச் சேர்த்து வைப்பார்கள். அப்படி யாரோ ஒரு முரடன் குத்தித் தள்ளியிருக்கிறான் என்றுதான் பல்செட்காரர் நினைத்தார். சேகரிப்பாளர்களுக்கு ஓட்டை என்றால் ஊனம். ஓட்டை விழுந்த தலையைப் பார்த்தால் உச்சுக் கொட்டிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள்.

ரீலின் தபால்தலையைப் பார்த்து யாரும் உச்சுக் கொட்டக் கூடாது என்று அவருக்குத் தோன்றியது. நோக்கம் இவ்வளவுதான்.

அவருடைய தொழிலையும் நினைத்துப் பாருங்கள். வாயில் எடுத்த அளவில் சாந்து ஊற்றி அச்சு எடுப்பார். அச்சில் காற்றுக்குமிழி விழுந்து குட்டிக் குட்டிக் குழியாக நிற்கும். ஒவ்வொன்றையும் மெழுகு வைத்து அடைத்தபிறகுதான் அடுத்த வேலை. வாழ்நாள் முழுக்க இதையே செய்த கைக்கு ஓட்டையைக் கண்டால் சும்மா இருக்க முடியுமா?

ஒரு மத்தியானம் கடை ஷட்டரைப் பாதி இறக்கினார். வெள்ளை விளக்கைப் போட்டார். உறையின் மடிப்புக்கு உள்ளே, யார் கண்ணிலும் படாத ஓரத்திலிருந்து கொஞ்சம் காகிதத்தைச் சுரண்டித் துகளாக்கினார். ஈரம் அதிகம் பட்டால் அந்த ரோஜா நிறம் கரைந்து ஓடிவிடும். ஆகவே பசையை மூச்சுக்காற்று அளவுக்குத் தொட்டு, மெழுகு செதுக்குகிற மெல்லிய கத்தியால் ஒவ்வொரு ஓட்டையாக அடைத்தார். முன்பக்கம், பின்பக்கம், இரண்டும். மேலே ரோஜா நிறத்தைத் தொட்டு வைத்து, வழவழப்பு வர நகத்தால் தேய்த்தார். ஒரு ஓட்டை மட்டும் நேராக இல்லாமல் கொஞ்சம் சாய்ந்து போயிருந்தது. அதற்குத்தான் நேரம் பிடித்தது.

முடிந்ததும் லென்ஸ் வைத்துப் பார்த்தார். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். ஓட்டை எங்கே இருந்தது என்று அவருக்கே தெரியவில்லை.

"என் கையால இவ்வளவு நல்லா நான் எதையும் செஞ்சதில்ல சார்" என்றார். சொல்லிவிட்டு, "கொப்பளிங்க" என்றார்.

6

சங்கத்தின் செயலாளர் ஒரு பெண்மணி. அவருக்குக் கழுகு என்று பெயர். கண்ணுக்காக வைத்த பெயர். தொழிலால் மாட்டு டாக்டர். கன்றை வெளியே இழுத்துப் போடுகிற அதே கையால் தபால்தலையைத் தொட்டால், தலைக்கே தெரியாது என்பார்கள்.

அவர் ஸ்கூட்டரை வாசலில் நிறுத்திவிட்டு ரப்பர் பூட்ஸோடு கடைக்குள் வந்தார்.

"உக்காந்துக்கோங்க சார். நின்னுட்டு பாத்தா விழுந்துடுவீங்க."

"என்ன டாக்டரம்மா?"

கைபேசியை நீட்டினார். அதில் ஒரு படம். பழைய உறை, ரோஜா நிறச் சேவல். சேவலின் மேல் வட்டமாக ஓட்டைகள். சுற்றி எட்டு, நடுவில் ஒன்று.

"வெளியூர்ல ஒருத்தர் பழைய சாமானோட சாமானா வாங்கினாராம். நம்ம சேவல்தான். கவரோட."

"ஓட்டை இருக்கு" என்றார் பல்செட்காரர்.

"ஓட்டையா? அட போங்க சார்!" மேஜை மேலிருந்த டப்பாவைத் திறந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து அவர் மூக்குக்கு நேரே பிடித்தார். "இதுல எதுக்கு ஓட்டை?"

"வேகும்போது உப்பாம இருக்க."

"அந்த ஓட்டையைக் குத்தறதுக்கு ஒரு முள்கட்டை வச்சிருப்பாங்க. ரொட்டிக்கடைக்காரரு முத்திரைக்குன்னு தனியா கட்டை செய்யலை. கையில இருந்த பிஸ்கட் கட்டையை எடுத்து நச்சுன்னு ஒரு குத்து! ஸ்டாம்பை மறுபடி யாரும் ஒட்ட முடியாதுல்ல? ஓட்டைதான் சார் முத்திரை. கட்டையில ஒரு முள்ளு வேற வளைஞ்சிருக்கு, பாருங்க, இது. அதைப் போலியா யாராலும் செய்ய முடியாது." பிஸ்கட்டைக் கடித்தார். "ஓட்டை இருந்தா நிஜம். இல்லேன்னா எவனோ மிச்ச ஸ்டாம்பை எடுத்து ஒட்டிருக்கான். இனிமே சண்டையே இல்ல."

பல்செட்காரர் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வளைந்த முள்ளின் ஓட்டையை அவருக்கு நன்றாகத் தெரியும். அதை அடைக்கத்தான் நேரம் பிடித்தது.

"உங்க மச்சான் கவர்ல ஓட்டை இருக்கா?"

"பாக்கணும்."

"இத்தனை நாளா உங்ககிட்டதானே இருக்கு?"

"லென்ஸ் வச்சுப் பாக்கணும் டாக்டரம்மா."

"நீங்க பாக்கறதுக்கு என்ன. ஞாயித்துக்கிழமை நானே பாத்துக்கறேன்." பாதி பிஸ்கட்டோடு எழுந்தார். வாசலில் நின்று, "இருந்துட்டா உங்க மச்சானைத் தூக்கி வச்சுக் கொண்டாடலாம் சார். இல்லேன்னாலும் பரவால்ல. அவரு பாம்புக் கதை சொன்ன ஆளுதானே?" என்றார்.

7

வீட்டில் அவர் மனைவி தையல் மிஷினில் ஒரு திரைச்சீலைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன, இப்படி வந்து உக்காந்திருக்கீங்க? யாராவது பல்லைத் திருப்பிக் கொண்டாந்துட்டாங்களா?"

சொன்னார். முழுக்கச் சொன்னார். மிஷின் நின்றது.

[இந்த இடத்தில் மனைவியை அழவைக்கலாமா என்று யோசித்தேன். அவள் அழுகிறவளாகத் தெரியவில்லை.]

"உங்க கை சும்மாவே இருக்காதா?" என்றாள். "சொவத்துல ஆணி பிடுங்கின ஓட்டையை அடைச்சீங்க, சரி. என் வெங்காயக் கூடையில ஓட்டையை அடைச்சீங்க, அதுவும் சரின்னு விட்டேன். அவன் பொறந்ததிலிருந்து சொன்னதுல இது ஒண்ணுதாங்க நெஜம். அதையும் போய் அடைச்சுட்டு வந்திருக்கீங்களே."

"நல்லது செய்யணும்னுதான்—"

"தெரியுது. அதனாலதான் திட்டறதோட நிறுத்தறேன்."

கொஞ்ச நேரம் திரைச்சீலையின் மடிப்பை நீவிக்கொண்டிருந்தாள். பிறகு கை நின்றது.

"ஏங்க, அந்தக் கட்டையால குத்தும்போது கடுதாசி உள்ளதானே இருந்திருக்கும்?"

"ஆமா."

"கவரைக் குத்தினா கடுதாசியில குத்தாதா? ஊசி இறங்கினா எத்தனை மடிப்பு இருக்கோ அத்தனையிலும் இறங்கும். இது கூடவா தெரியாது?"

பல்செட்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கடிதம்! அவர் அதைத் தொட்டதே இல்லை. ஒன்பது ஓட்டைகளும், வளைந்த முள் உட்பட, அதில் அப்படியே இருக்கும். மடிப்புக்கு மடிப்பு இருக்கும். அந்தக் கடிதம் ரீலின் கருவிப் பையில், ஸ்க்ரூ டிரைவருக்குப் பக்கத்தில் இருக்கிறது.

"கேட்டு வாங்கிடறேன்" என்றார்.

"வாங்கி? கடுதாசியில ஓட்டை இருக்கு, கவர்ல இல்லேன்னா அந்தம்மா கேக்க மாட்டாங்களா? அவன் தலையிலதான் விடியும். ரெண்டையும் ஜோடி சேத்து ஏமாத்தப் பாத்தான்னு ஆயிடும்."

"அப்ப அவன்கிட்ட சொல்லணும்."

"சொல்லணும்."

"இல்லேன்னா..." அவர் தன் விரல்களைப் பார்த்தார். "கடுதாசியை உள்ள வச்சு, அதே ஓட்டை வழியா ஊசியை விட்டா, அதே இடத்துல, அதே சாய்வுல..."

மிஷின் மறுபடியும் ஓட ஆரம்பித்தது. அது வழக்கத்தைவிடச் சத்தமாக ஓடியதாக அவர் சொன்னார்.

8

முடிவுகள் என்னிடம் மூன்று இருக்கின்றன. எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல ஆசைதான். எதற்கும் முதலில் நீங்களே உரசிப் பாருங்கள்.

முதல் முடிவு. காட்சிக்கு வேண்டும் என்று சொல்லிக் கடிதத்தை வாங்குகிறார். ஷட்டரைப் பாதி இறக்குகிறார். கடிதத்தை அச்சாக வைத்து ஒன்பது ஓட்டைகளையும் திரும்பத் திறக்கிறார். கழுகு பார்க்கிறார், மகிழ்கிறார். சீட்டில் ரீலின் பெயர். கீழே 'நிஜம்' என்று—

இங்கேதான் என் பேனா நிற்கிறது. இருந்த இடத்திலேயே இருந்த ஓட்டையைத் திரும்பக் குத்தினால் அது நிஜமா, போலியா? நானும்தான் ஒரு வரியை அடித்துவிட்டு, யோசித்து, அதே வரியைத் திரும்ப எழுதியிருக்கிறேன். அது முதலில் எழுதிய வரிதானா? யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். பல்செட்காரருக்கும் தெரிந்திருக்கும். ஒவ்வொரு தடவை ரீல் அந்தச் சீட்டைக் காட்டிப் பெருமைப்படும்போதும் இவர் வேறு பக்கம் பார்க்க வேண்டியிருக்கும். வாழ்க்கையில் ரீல் சொன்ன ஒரே நிஜம், மாமா விட்ட ரீலாக ஆகிவிடும்.

இரண்டாவது முடிவு. சொல்லிவிடுகிறார். ரீல் விழுந்து விழுந்து சிரிக்கிறார். "விடுங்க மாமா, இதைவிடப் பெரிய கதை எனக்குக் கிடைச்சுடுச்சு" என்கிறார். இருவரும் கட்டிக்கொள்கிறார்கள். [ஆசிரியருக்கு இது பிடிக்கும். எனக்கும் பிடிக்கும். அதனால்தான் சந்தேகமாக இருக்கிறது.]

மூன்றாவது முடிவு. சொல்லிவிடுகிறார். ரீல் சிரிக்கவில்லை. "நீங்க கூடவா மாமா" என்று மட்டும்—

இதை முடிக்க மாட்டேன்.

9

நான்காவது தடவை நான் போனது சனிக்கிழமை. மறுநாள் கண்காட்சி. பல் செட் தயாராக ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் சிரித்துக்கொண்டிருந்தது.

அவர் இதுவரை நடந்ததைச் சொல்லி முடித்தார். உறை மேஜையின் மேல் விளக்கடியில் இருந்தது. பக்கத்தில் ஒரு மெல்லிய ஊசி. "கடுதாசியையும் நாளைக்குக் கொண்டு வாடான்னு அவன்கிட்ட சொல்லிருக்கேன்" என்றார். "எதுக்குன்னு சொல்லலை." செட்டை எடுத்து என் வாயில் பொருத்தினார். கடிக்கச் சொன்னார். நீல மைத்தாளை வைத்துக் கடிக்கச் சொன்னார். ஒரு இடத்தில் மட்டும் லேசாகத் தேய்த்து மறுபடியும் பொருத்தினார். பிறகு, சாமானை எல்லாம் கீழே வைத்துவிட்டு, முதல் தடவையாக என் கண்ணைப் பார்த்துக் கேட்டார்.

"நீங்க கதை எழுதறவரு. சொல்லுங்க சார், நான் என்ன பண்ணட்டும்?"

இத்தனை நாளாகக் காத்திருந்த கேள்வி! எனக்குப் பதிலும் தெரிந்திருந்தது. வாயைத் திறந்தேன். புதுப் பல் இடித்து, நாக்கு எங்கே போவதென்று தெரியாமல் தடுமாறி, ஒரு நீண்ட விசில் சத்தம்தான் வந்தது. மறுபடியும் முயன்றேன். மறுபடியும் விசில்.

அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். "பழகிடும் சார்."

செட் கச்சிதமாகப் பொருந்தியிருந்தது. எங்கேயும் உரசவில்லை, குத்தவில்லை. இனி அங்கே போக எனக்கு ஒரு காரணமும் இல்லை. ஒரு மனிதரின் கைத்திறமையை நான் மனதாரச் சபித்தது அன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை போகக் கூடாது என்றுதான் இருந்தேன். போனேன். நூலகத்து மாடியில் நீள மேஜைகள் போட்டு, கண்ணாடிப் பலகைக்கு அடியில் உறைகளை வைத்திருந்தார்கள். லென்ஸைக் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். நான் வாசலுக்கு அருகிலேயே நின்றுகொண்டேன். கழுகு மேஜை ஓரமாகக் குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். அன்று ரப்பர் பூட்ஸ் இல்லை.

ரீலை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. ஆனால் பார்த்ததும் தெரிந்தது. இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, சட்டைப் பையில் ஒரு பிளாஸ்டிக் உறை. பின்னால் அவரோடு வேலை செய்கிறவர்கள் நான்கு பேர், தலையை வாரிக்கொண்டு வந்து நின்றார்கள். "இங்கதான்டா எங்கேயோ இருக்கு, எம் பேரு போட்டிருக்கும்" என்று சொல்லிக்கொண்டே மேஜையை நோக்கி நடந்தார்.

அவர் மேஜைக்குப் போய்ச் சேரவில்லை. பல்செட்காரர் குறுக்கே வந்து அவர் முழங்கையைப் பிடித்தார். பிடித்து, ஜன்னல் ஓரமாக அழைத்துப் போனார். சற்றுத் தள்ளி பல்செட்காரரின் மனைவி நின்றாள். அவள் யாரையும் பார்க்கவில்லை, தன் கைப்பையின் கொக்கியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

"என்ன மாமா?" என்றார் ரீல். முகம் முழுக்கச் சிரிப்பு.

பல்செட்காரர் வாயைத் திறந்தார்.

நான் படியிறங்கிவிட்டேன்.

நான்கு எட்டு வைத்திருந்தால் மேஜைக்குப் போயிருக்கலாம். லென்ஸை எடுத்துப் பார்த்திருந்தால், சேவலில் ஓட்டை இருக்கிறதா இல்லையா என்று தெரிந்திருக்கும். ஜன்னல் ஓரமாக நின்றிருந்தால் அவர் சொன்னது காதில் விழுந்திருக்கும். அந்த மனிதர் முதல்முறையாக, யார் வாயையும் அடைக்காமல், தன் கதையைச் சொல்லப் போனார். அதைக் கேட்க வேண்டியவன் நானில்லை.

கதையில் ஓட்டை இருக்கிறது என்று ஆசிரியர் சிவப்பு மையில் எழுதப் போகிறார். நீங்களும் கடிதம் போடுவீர்கள். ஆமாம், இருக்கிறது. கடைசியில், சரியாக அந்த ஜன்னலுக்குப் பக்கத்தில். உங்கள் கை எவ்வளவு ஊறினாலும் தயவுசெய்து அதை அடைத்துவிடாதீர்கள்.

அது என் முத்திரை.